கடைசி யாரு?

எங்கள் நாட்டை உலகப் படத்தில் தேடுகிறவர்கள், முதலில் படத்தின் மேல் ஈ ஏதாவது உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்து விரட்டிவிட்டுத் தேட வேண்டும். ஈயின் ஒரு கால் மறைத்தால் போதும், நண்டுக்கால் தீவுக் குடியரசு தன் தலைநகரத்தோடும் நாடாளுமன்றத்தோடும் ஒரே ஒரு போக்குவரத்து விளக்கோடும் காணாமல் போய்விடும். அப்பேர்ப்பட்ட நாட்டில்தான் அந்த வருடம் ஐந்து தீவு விளையாட்டு விழா நடந்தது, அந்த விழாவின் கடைசி நாளில்தான் பொழுது சாயாமல் நின்றது. பொழுது நின்றதைப் பற்றி வெளியூர்க்காரர்கள் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். அமைச்சர் ஒருவர் சொன்ன நேரத்துக்கு வந்தார் என்று யாராவது சொல்லியிருந்தால் நாங்களும் பிளந்திருப்போம்.

ஐந்து நாடுகளையும் சொல்லிவிடுகிறேன். பெரிய உப்புத்தீவு இருக்கிறது, அவர்களிடம் விமான நிலையம் உண்டு, அதனால் நடையே வேறு. சின்ன உப்புத்தீவு இருக்கிறது, அது பெரிய உப்புத்தீவைவிடப் பெரியது, பெயர் வைத்தவன் எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தானோ, அவர்களிடம் அந்தப் பேச்சை எடுக்கக் கூடாது. கொட்டான்தீவில் ஆளைவிட ஆடு அதிகம், ஆடுகளுக்கு ஓட்டுரிமை இல்லாததால்தான் அங்கே ஆட்சி கவிழாமல் இருக்கிறது. மணல்மேடு என்ற நாட்டில் கடல் ஏறினால் பாதி நாடு இருக்காது, குடிமக்கள் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மறுபாதிக்கு நடப்பார்கள். பிறகு நாங்கள். எல்லோரும் எந்தக் காலத்திலோ ஒரே கரையிலிருந்து படகேறி வந்தவர்கள், பேசுவது ஒரே தமிழ், ஆனால் தேசிய கீதம் மட்டும் ஐந்து.

எங்கள் தீவைச் சுற்றிப் பவளப்பாறை வேலி போட்டதுபோல நிற்கிறது. உள்ளே வர ஒரே ஒரு இடைவெளி, அதற்குப் பாறை வாசல் என்று பெயர், மாலையில் தண்ணீர் ஏறினால்தான் படகு அதைத் தாண்டும். எந்தப் படகு முதலில் வந்தாலும் உள்ளே நுழையாது; வாசலுக்கு வெளியே நிற்கும், கடைசிப் படகு வந்து சேரும்வரை நிற்கும், அதன் பிறகு கடைசியில் வந்தது முன்னால் போக, முதலில் வந்தது எல்லோருக்கும் பின்னால் போகும். வாசலில் படகு எதுவும் நிற்கவில்லை என்றால், வருகிறவன் வாசல் இன்னும் திறக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு இன்னொரு சுற்று சுற்றிவிட்டு வருவான். முதல் படகுக்காரன் கரையில் கால் வைத்ததும் "கடைசி யாரு?" என்று சத்தம் போடுவான், "நான்தான்" என்று ஒரு குரல் வரும், "அப்போ எல்லாரும் வந்தாச்சு" என்பான், அதன் பிறகுதான் உள்ளே வந்த வரிசைப்படி மீனைப் பிரிப்பார்கள். எப்போதோ ஒரு முறை கேட்காமல் பிரித்தார்களாம், அன்றைக்கு ஒரு படகு வரவே இல்லையாம்.

கடலில் இது நல்ல பழக்கம். ஓட்டப்பந்தயத்தில் இதைவிடப் பெரிய சனியன் கிடையாது. விழா தொடங்கிய காலம் முதல் எங்கள் வீரர்கள் எல்லோருக்கும் முன்னால் ஓடிவந்து, முடிவுக்கோட்டுக்கு ஓரடி முன்பாக நின்று, பின்னால் வருகிறவர்களைக் கைகாட்டி உள்ளே அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எங்கள் நீச்சல்காரர்கள் சுவரைத் தொடாமல் தண்ணீரில் மிதந்தபடி அடுத்த வரிசைக்காரரிடம் குடும்ப நலம் விசாரித்தார்கள். தங்கம் இல்லை, வெள்ளி இல்லை, வெண்கலம் இல்லை. நன்னடத்தைக்கான சான்றிதழ் மட்டும் வருடா வருடம் வந்தது. அதை விளையாட்டு, மீன்வளம், அஞ்சல், ஈமச்சடங்கு ஆகிய நான்கு துறைகளுக்கும் அமைச்சரான தருமசீலன் தன் அலுவலகச் சுவரில் ஈரக்கறையை மறைக்க மாட்டிவைத்திருந்தார்.

இந்த முறை நாமே நடத்துகிறோம், நாமே தோற்றால் நன்றாக இருக்காது என்று அரசாங்கம் முடிவுசெய்து, எங்கோ தூரதேசத்திலிருந்து ஒரு பயிற்சியாளரை வரவழைத்தது. அவர் வந்த அன்றே தீவை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு மதலேனாளைப் பிடித்துக்கொண்டார்.

மதலேனாள் மீன் விற்கிறவள். அவள் புருஷன் கித்தேரியானின் படகுதான் தினமும் முதலில் வரும், அவனைப்போலக் காற்றைப் பிடிக்க எங்களில் ஆளில்லை. அதனால் அவன்தான் தினமும் கடைசியாக உள்ளே வருவான், அதனால் மீன் அவளுக்குக் கடைசியாகத்தான் கிடைக்கும், மற்ற பெண்கள் எல்லாம் சந்தைக்குப் பாதி தூரம் போன பிறகு அவள் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு ஓட ஆரம்பிப்பாள். கெட்டிக்காரனைக் கட்டிக்கொண்ட பாவத்துக்கு வாழ்நாள் முழுக்க ஓடினவள் அவள். ஒரே ஒரு தடவை, வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை, யாருக்கும் காத்துக்கிடக்காமல் எல்லோருக்கும் முன்னால் உள்ளே போக வேண்டும் என்பது அவள் ஆசை. அதைவிட நியாயமான ஆசையை நான் கேட்டதில்லை.

பயிற்சியாளர் வண்டிக்குதிரைக்குக் கட்டுவதுபோல அவள் கன்னம் இரண்டிலும் அட்டையைக் கட்டிவிட்டு, திரும்பிப் பார்க்காதே, திரும்பிப் பார்க்காதே என்று மாதக்கணக்கில் மந்திரம்போலச் சொல்லிக்கொடுத்தார். மாரத்தானுக்கு வேண்டிய தூரம் எங்கள் நாட்டில் இல்லாததால் நாட்டையே ஏழு முறை சுற்றுவதென்றும், ஓட ஆள் போதாததால் ஆண் பெண் எல்லோருக்கும் சேர்த்து ஒரே ஓட்டம், ஒரே தங்கம் என்றும் முடிவாயிற்று. விடிகாலையில் தொடங்க வேண்டிய ஓட்டம், அமைச்சர் குளித்து முடித்து வந்த பிறகு உச்சி வெயிலில் தொடங்கியது. வெயில் தாழும் நேரத்தில் மதலேனாள் அட்டை கட்டிய முகத்தோடு, வியர்வையும் கண்ணீருமாக, நிற்காமல், திரும்பாமல், கோட்டைத் தாண்டி உள்ளே போனாள். நாங்கள் தொண்டை கிழியக் கத்தினோம். அமைச்சர் அங்கேயே பதக்கத்தை அவள் கழுத்தில் போட்டார். வெள்ளி பெரிய உப்புத்தீவுக்குப் போனது, அந்த நாட்டுக் குழுத் தலைவரின் முகத்தைப் பார்க்கப் பார்க்க எங்களுக்கு வயிறு நிறைந்தது.

பிறகு வெற்றி விருந்து. நாட்டில் இருப்பதே ஒரு அலங்கார வளைவு, கல்யாணமோ தேர்தலோ எதுவானாலும் அதுதான். அதை முடிவுக்கோட்டிலிருந்து பிடுங்கி விருந்துப் பந்தல் வாசலில் நட்டார்கள். சுண்ணாம்புக் கோட்டின் மேல் அமைச்சர் உட்கார மேடை போட்டார்கள். சூரியன் மறையும்போது ஐந்து நாட்டுக் கொடிகளையும் இறக்கி, நடுவர் முடிவுகளில் கையெழுத்துப் போட்டு, வாணவேடிக்கை விட்டால் விழா முடிந்தது, தங்கம் சட்டப்படி எங்களுடையது. எல்லோரும் மேற்கே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தோம்.

சூரியன் கடலுக்கு ஒரு முழம் மேலே வந்து நின்றது, நின்றது நின்றபடியே நின்றது.

முதலில் யாரும் கவலைப்படவில்லை, அரசு விழா என்றால் எல்லாமே தாமதம்தான். சோறு ஆறியது, திரும்பச் சூடாக்கினார்கள், திரும்ப ஆறியது. கடிகாரங்கள் ஓடி, நள்ளிரவு தாண்டி, விடிகாலை தாண்டி, வெட்கப்பட்டு நிறுத்திக்கொண்டன. கோழிகள் அடைவதற்காகக் கூண்டு வாசலில் ஒற்றைக்காலில் நின்று ஒன்றையொன்று முறைத்தன. கோயிலில் சாயரட்சை விளக்கு ஏற்றாமல் குருக்கள் தீப்பெட்டியோடு நின்றார், பள்ளிவாசலில் மகரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லக் காதில் கைவைத்தபடி மோதினார் நின்றார், மாதா கோயிலில் சாயங்கால மணிக் கயிற்றைப் பிடித்தபடி உபதேசியார் நின்றார். இந்த மூன்று பேரும் ஒரே கருத்தில் இருந்தது எங்கள் வரலாற்றில் அதுவே முதல் முறை. பொழுது சாய்ந்த பிறகுதான் சாராயக் கடை திறக்க வேண்டும் என்ற சட்டத்தால் ஒரு பெருங்கூட்டம் கடை முன்னால் கண்ணீரோடு காத்திருந்தது. அன்றைக்குக் காலையில் தாலி கட்டிய தபால்காரர் மகன் மட்டும், அவனுக்கு வேண்டிய இருட்டைப் பற்றி யாரிடமும் வெளியே சொல்ல முடியாமல், வீட்டுக்கும் கடற்கரைக்குமாக நடந்து நடந்து சூரியனைக் கெட்ட வார்த்தையில் திட்டினான்.

ஆனால் மனிதன் எதற்கும் பழகுவான், நண்டுக்கால்காரன் இரண்டு மடங்கு பழகுவான். தூங்க நினைத்தவர்கள் சாக்கை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கினார்கள். பத்திரிகை "அதே மாலை" என்று தேதியிட்டு வெளிவந்தது. முடிவில்லாத பகல் அரசின் திட்டமிட்ட சாதனை என்று அமைச்சர் அறிக்கை விட்டார். இந்தச் சூரியனை நிறுத்த அடிக்கல் நாட்டியதே எங்கள் ஆட்சியில்தான் என்று எதிர்க்கட்சி மறுஅறிக்கை விட்டது. இறக்காத கொடிக்கு முடிவும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது என்று பெரிய உப்புத்தீவின் தலைவர் சிரித்தபடி சொல்லிவிட்டு விருந்தில் மறுசோறு வாங்கினார்.

இத்தனைக்கும் நடுவே ஒரு ஆள் அவ்வப்போது ஓடிப் போய்க்கொண்டிருந்தார். நாற்பது வயதைத் தாண்டியவர், வெளுத்த பனியன், கிழிந்த கால்சட்டை, முதுகில் மணல்மேடு நாட்டின் கொடி ஊக்கு குத்தித் தொங்கியது. அந்த நாடு அனுப்பிய மொத்தக் குழுவும் அவர்தான்: வீரர், பயிற்சியாளர், மருத்துவர், கொடி தூக்குகிறவர் எல்லாம் ராக்கப்பன் என்ற அந்த ஒருவரே. அவர் பந்தலைத் தாண்டி ஓடுவார், கொஞ்ச நேரம் கழித்து மறுபக்கத்திலிருந்து திரும்ப வருவார், பந்தலைத் தாண்டி ஓடுவார். யாரோ உடம்பைப் பார்த்துக்கொள்கிற மனிதர் என்று நினைத்து நாங்கள் கைதட்டினோம், ஒருத்தி இளநீர் கொடுத்தாள், ஒருவன் வழியை மறைக்காமல் ஓரமாக ஓடச் சொல்லி அதட்டினான்.

மதலேனாளுக்கு விருந்தில் மனம் ஒட்டவில்லை. சூரியனோடு தண்ணீரும் நின்றுவிட்டதால் ஏற்றம் இல்லாமல் படகுகள் அத்தனையும் பாறை வாசலுக்கு வெளியே கிடந்தன, கித்தேரியானும் அங்கேதான் கிடந்தான். படகைப் போட்டுவிட்டு வர எந்த மீனவனுக்கும் மனம் வராது, பெண்கள் கஞ்சியைத் தூக்குவாளியில் கட்டி நீந்திக் கொடுத்துவிட்டு வந்தார்கள், பிடித்த மீன் நாறத் தொடங்கியிருந்தது. அவள் முழங்கால் தண்ணீரில் நடந்து பாறை மேல் ஏறி நின்று, கழுத்துப் பதக்கத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தாள்.

"ஏங்க! நான் மொதல்ல வந்துட்டேன்! தங்கம்!"

"கேட்டுச்சு, கேட்டுச்சு! மேளச் சத்தம் இங்க வரைக்கும் கேட்டுச்சே! ரொம்ப சந்தோசமா இருக்குடி!" என்று கித்தேரியான் படகில் எழுந்து நின்று கத்தினான், நிஜமாகவே அவனுக்குச் சந்தோஷம்தான். பிறகு, எங்களில் யாராக இருந்தாலும் வாயில் தானாக வருவதை அவனும் கேட்டான். "கடைசி யாரு?"

அவள் திரும்பிக் கரையைப் பார்த்தாள்.

"என்னடி, சத்தத்தையே காணும்?"

"தெரியலங்க."

"தெரியலையா?" அவன் கேலி செய்யவில்லை, கோபப்படவும் இல்லை, அவனுக்கு உண்மையிலேயே புரியவில்லை. "அப்புறம் எப்படி உள்ள போன?"

அவளுக்கு வந்ததே கோபம். உங்களுக்குக் காத்திருந்து காத்திருந்துதான் என் கால் தேஞ்சு போச்சு என்று கத்தினாள், ஒரு நாள், ஒரே ஒரு நாள் நான் முதலில் போனால் கடலா வற்றிவிடும் என்று கத்தினாள். கத்திவிட்டுக் கீழே பார்த்தால் கடல் முழங்காலுக்கு மேல் ஏறாமல் நிற்கிறது. கரைக்குத் திரும்பினாள். நேரே பந்தலுக்குப் போய் அமைச்சர் முன்னால் நின்று, "கடைசி யாரு?" என்று கேட்டாள்.

அமைச்சர் செயலாளரைப் பார்த்தார், செயலாளர் பயிற்சியாளரைப் பார்த்தார், பயிற்சியாளர் தன் தட்டைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்து ராக்கப்பன் பந்தலைத் தாண்டி ஓடினார். மதலேனாள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு சாலையோரமாக அவர் கூடவே ஓடினாள்.

"அண்ணே, போட்டி முடிஞ்சு எவ்வளவு நேரமாச்சு! நிக்க வேண்டியதுதான?"

"எப்படித் தாயி நிக்க?" என்றார் ராக்கப்பன், மூச்சு வாங்கினாலும் மரியாதை குறையாமல். "வாசல்ல ஆளையே காணுமே. ஆள் நிக்கலைன்னா வாசல் தொறக்கலன்னுதான எங்க ஊர்லயும் அர்த்தம்? எனக்குப் பின்னால இன்னும் யாரோ வாராவ போலன்னு நெனச்சு சுத்திக்கிட்டு இருக்கேன்."

"உங்களுக்குப் பின்னால யாரும் இல்லண்ணே. நீங்கதான் கடைசி."

"நானா?" அவர் முகம் அப்படியே மலர்ந்தது. "அப்பாடா! எந்தப் பாவம் இன்னும் வெயில்ல கெடக்கோன்னு நெனச்சு எனக்கு மனசே சரியில்ல. அப்போ சரி. மொதல்ல வந்தது யாரு தாயி?"

"நான்தான்," என்றாள் அவள். அதற்கு மேல் அவளால் அவரோடு ஓட முடியவில்லை.

விஷயம் பரவியதும் ஏற்பாட்டுக் குழு சுறுசுறுப்பானது. பந்தல் வாசலிலிருந்து வளைவைப் பிடுங்கிவந்து நட்டார்கள், மேடையை அமைச்சரோடு சேர்த்து நகர்த்தினார்கள், அழிந்துபோன கோட்டின் மேல் புதுச் சுண்ணாம்பு போட்டார்கள், மேளக்காரர்களை எழுப்பினார்கள். ராக்கப்பன் வந்தார், வளைவைப் பார்த்தார், அக்கம்பக்கம் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தார், கும்பிட்டுவிட்டுப் பக்கவாட்டில் விலகி அடுத்த சுற்றுக்குப் போய்விட்டார். அவர் கால் இப்போது பின்னத் தொடங்கியிருந்தது, அடுத்த சுற்றில் விழுந்துவிடுவார் என்று பார்த்த எல்லோருக்கும் தெரிந்தது.

முதலில் வந்தவள் கோட்டுக்கு வெளியே போய் நின்றால்தான் அவர் உள்ளே வருவார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும், அதைச் சொல்லத்தான் யாரும் முன்வரவில்லை. அப்படி நின்றால் என்ன ஆகும் என்று தலைமை நடுவர் அபுசாலிதான் சொன்னார். அவர் சின்ன உப்புத்தீவுக்காரர், யாருக்கும் சாயாத மனிதர் என்று பெயர் எடுத்தவர், அதனாலேயே யாருக்கும் அவரைப் பிடிக்காது.

"கோட்டைத் தாண்டினவங்க திரும்பப் பாதைக்குள்ள கால வச்சா, மொதத் தாண்டல் செல்லாது. அப்புறம் எப்போ தாண்டுறாங்களோ, அதுதான் கணக்கு."

"அவரு போன பொறவு நான் போனா?" என்றாள் மதலேனாள்.

"நீங்க கடைசிம்மா."

அமைச்சர் ஓடிவந்தார். "இந்தா பாரு, அவசரப்படாத. இப்ப என்ன குறைஞ்சு போச்சு? விளக்குச் செலவு மிச்சம், துணி சீக்கிரம் காயுது. நாட்டுக்கே இது ஒண்ணுதான் தங்கம். யோசிச்சுப் பாரு!"

யோசிக்காமலா இருந்தாள்? அவள் அந்தக் கோட்டின் உள்பக்கத்தில் எவ்வளவு நேரம் நின்றாள் என்று சொல்ல வழியில்லை, நேரம்தான் நின்றுவிட்டதே. பதக்கத்தை உள்ளங்கையில் வைத்து மூடித் திறந்து மூடித் திறந்து பார்த்தாள். நாங்களும் யோக்கியர்கள் இல்லை. போகாதே என்றுதான் எங்களில் பாதிப் பேர் மனதுக்குள் வேண்டிக்கொண்டிருந்தோம், நானும் அந்தப் பாதியில்தான் இருந்தேன். தூரத்தில் ராக்கப்பன் தள்ளாடித் தள்ளாடி வருவது தெரிந்தது. அவள் எங்களைப் பார்த்தாள், எங்களில் ஒருவரும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை. பிறகு பதக்கத்தைக் கழற்றி வளைவின் ஆணியில் மாட்டினாள், வாய்விட்டு அழுதாள், அழுதுகொண்டே கோட்டைத் தாண்டி வெளியே போய் நின்றாள்.

ராக்கப்பன் அவளைக் கண்டதும் வேகத்தைக் குறைத்தார்.

"தொறந்தாச்சா தாயி?"

"தொறந்தாச்சுண்ணே. போங்க."

அவர் உள்ளே போனார். அவர் முதுகுக் கொடி வளைவைத் தாண்டும்வரை பார்த்திருந்துவிட்டு, அவள் பின்னால் போனாள்.

சூரியன் கால் கடுக்க நின்றவன் உட்காருவதுபோலத் தொப்பென்று கடலுக்குள் போனது. தேங்கிக் கிடந்த அத்தனை மாலையும் ஒரே நேரத்தில் நடந்தது: மணி அடித்தது, பாங்கு கேட்டது, விளக்கு எரிந்தது, கோழிகள் முட்டி மோதிக்கொண்டு கூண்டுக்குள் விழுந்தன, சாராயக் கடைக் கதவு கீலோடு பெயர்ந்தது, தபால்காரர் வீட்டில் ஒரு கதவு சாத்தப்பட்டது, வாணவேடிக்கை தப்பான திசையில் போய் எதிர்க்கட்சி அலுவலகத்தின் கூரையில் விழுந்தது. கொடிகள் இறங்கின, நடுவர் கையெழுத்துப் போட்டார், பெரிய உப்புத்தீவின் தலைவர் ஆணியிலிருந்த தங்கத்தை எடுத்துத் தன் நாட்டுக்காரர் கழுத்தில் மாட்டினார். எங்களுக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கிடைத்தது. இரவைக் கண்டுபிடித்த பெருமை அரசையே சேரும் என்று அமைச்சர் மறுநாள் அறிக்கை விட்டார்.

மதலேனாள் இவை எதற்கும் நிற்கவில்லை, கரைக்குப் போய்விட்டாள். தண்ணீர் பாறைகளை மூடிக்கொண்டு ஏறியது. படகுகள் ஒவ்வொன்றாகப் பாறை வாசலைத் தாண்டின, எல்லாவற்றுக்கும் பின்னால் கித்தேரியானின் படகு வந்தது. இருட்டில் யார் முகமும் தெரியவில்லை. அவன் மணலில் குதித்து, இடுப்பு வலியோடு நிமிர்ந்து, எப்போதும்போலச் சத்தம் போட்டான்.

"கடைசி யாரு?"

படகுக்காரர்களில் யார் பதில் சொல்ல வேண்டுமோ அவன் வாயைத் திறப்பதற்குள் கரையிலிருந்து ஒரு பெண் குரல் வந்தது.

"நான்தான்."

கித்தேரியான் குரல் வந்த பக்கம் திரும்பினான். பதக்கம் மின்னுகிறதா என்று பார்த்திருப்பான், மின்னவில்லை.

"அப்போ," என்றான், "எல்லாரும் வந்தாச்சு."